திரையை மட்டும் அணைத்தவர்

2022ஆம் ஆண்டு அக்டோபர் நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. பெங்களூரில் இரவு முழுவதும் பெய்த மழை விடியலில் தூறலாகக் குறைந்திருந்தது, வானம் வெளுக்கவில்லை. ஜீவனஹள்ளித் தெருக்களில் ஆயுத பூஜைக்கு வாழைக்கன்று விற்றவர்கள் தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். காலை ஒன்பது மணிக்குப் போதிதாஸ், கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சுடன் வீடு வந்து சேர்ந்தார். ஒரு மணி நேரத்திற்குப் பேசக் கூடாது என்று பல் மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். தாஸ் தம் வாழ்நாளில் கட்டாயம் பேசியிருக்க வேண்டிய ஒரு மணி நேரம் அது.

அவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. கோலார் தங்கவயலில் பிறந்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து, பௌத்தம் தழுவி, அங்கேயே வேரூன்றிய குடும்பம். சுரங்கத்துள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டின் இயந்திரத்தை இயக்கியவர் அவருடைய தந்தை. சுரங்கம் மூடப்பட்ட ஆண்டில் தாஸுக்கு இருபத்திரண்டு வயது. கையில் கணினி டிப்ளமோ ஒன்று இருந்தது. தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, இரவில் திரும்பி, இப்படியே இரண்டு ஆண்டுகள் சில நிறுவனங்களில் வேலை செய்தார். மலரை மணந்த பிறகே ஜீவனஹள்ளியில் குடியேறினார். 2013இல், நகரின் கிழக்கே ஓர் அறக்கட்டளை நடத்திய நூற்றிருபது படுக்கை மருத்துவமனையில், சர்வர்களையும் நெட்வொர்க்கையும் பராமரிக்கும் பணியில் சேர்ந்தார்.

அந்தப் பணி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பணியாகவே தோன்றாது. இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால், சன்னல் இல்லாத ஓர் அறை. காலை ஏழரை மணிக்குத் தாஸ் அதன் கதவைத் திறந்து, உள்ளே போகாமல் சிறிது நேரம் நின்று கேட்பார். விசிறிகளின் இரைச்சலில் ஏதேனும் ஒன்று தனித்துக் கேட்டால் அன்று வேலை இருக்கிறது என்று பொருள். பிறகு குளிர்ச்சியின் அளவைப் பார்ப்பார். யுபிஎஸ் மின்கலங்களைப் பார்ப்பார். ஞாயிறுதோறும் எடுக்கும் பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். அனைத்தையும் நீண்ட பதிவேடு ஒன்றில் தேதியிட்டு எழுதுவார். எட்டரை மணிக்குத் தொலைபேசி தொடங்கும். எலும்பு மருத்துவர் ஒருவர் திங்கட்கிழமைதோறும் கடவுச்சொல்லை மறந்துவிடுவார். மூன்றாம் வார்டின் பிரிண்டர் காகிதத்தை விழுங்கும். ஒருமுறை யாரோ ஒருவர் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காக நெட்வொர்க் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மருந்தகத்தில் அரைமணி நேரம் ஒரு சீட்டும் அச்சாகவில்லை. தாஸ் ஒவ்வொரு கம்பியிலும் பெயர்ச்சீட்டுக் கட்டியிருந்தார். அந்த அறையில் எழுதப்படாத பொருள் எதுவும் இல்லை என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. ஒன்று இருந்தது. அது பின்னர்தான் தெரிந்தது.

அறையின் நடுவில் நின்ற பெரிய சர்வர் 2014இல் வாங்கப்பட்டது. நோயாளிகளின் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் யாவும் அதில்தான் இருந்தன. யுபிஎஸ்ஸை மாற்றுவதற்காக 2016 பிப்ரவரியில் ஒருமுறை நிறுத்தப்பட்டது. அதன் பின் நிறுத்தப்படவே இல்லை. இத்தகைய இயந்திரத்தினுள் இரவும் பகலும் சுழலும் வன்தட்டுகள் இருக்கும். பல ஆண்டுகள் இடைவிடாமல் சுழன்ற தட்டு, நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் சுழலாமல் போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் வரை அது நலமாகவே காட்சியளிக்கும். இதைத் தாஸ் நன்கு அறிந்திருந்தார். புதிய சர்வர் வேண்டுமென்று மூன்று முறை எழுதிக் கேட்டார். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மூன்று முறையும் விடை வந்தது.

இனி, ஆயுத பூஜை.

அந்த மருத்துவமனையில் பூஜை, ஆம்புலன்ஸில் தொடங்கி ஜெனரேட்டர், லிஃப்ட், எக்ஸ்ரே என்று வரிசையாகச் சென்று சர்வர் அறையில் முடியும். ஒவ்வோர் இயந்திரத்தையும் பத்து நிமிடம் நிறுத்திவைப்பது வழக்கம். ஆண்டு முழுதும் உழைத்த கருவி அன்றாவது ஓய்வு கொள்ள வேண்டும். பூஜை செய்தவர் புரோகிதர் அல்லர். துப்புரவுப் பணியாளர்களின் மேற்பார்வையாளர் முனியப்பன். நகரின் ஒக்கலிபுரம் பகுதிக்காரர், தாஸைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஒப்பந்ததாரர் மூலம் அமர்த்தப்பட்டவர். மஞ்சள், குங்குமம், எலுமிச்சை, பூசணிக்காய் என்று அனைத்தையும் அவரே வாங்கி வருவார். சர்வர் அறையில் புகைக்கும் தண்ணீருக்கும் தடை என்பதை முதல் ஆண்டிலேயே புரிந்துகொண்டு, கற்பூரத்தை வாசலுக்கு வெளியே ஏற்றுவார். பூசணிக்காயை மாடிப்படியில் உடைப்பார்.

2014இல், புதிய சர்வர் வந்த ஆண்டின் பூஜையில், அதையும் நிறுத்துமாறு நிர்வாக அலுவலர் சீனிவாசராகவன் தாஸிடம் சொன்னார். அவசரச் சிகிச்சைப் பிரிவு இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, படங்கள் எந்த நொடியும் தேவைப்படலாம் என்று தாஸ் விளக்கினார். லிஃப்டையே நிறுத்துகிறோம், பத்து நிமிடத்தில் எவரும் செத்துவிட மாட்டார்கள் என்றார் அலுவலர். தாஸ் மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினார். சீனிவாசராகவன் சிரித்த முகத்துடன், அருகில் நின்ற நான்கு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“உங்க வீட்டுல இந்த வழக்கமெல்லாம் கிடையாதுன்னு கேள்விப்பட்டேன், தாஸ். இருக்கட்டும். இது ஆபீஸ் வழக்கம்.”

வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடையாத மனிதர் அவர். மேற்கொண்டு வாதிட்டால், இயந்திரத்துக்காகப் பேசுகிறார் என்று யாரும் எண்ண மாட்டார்கள். பூஜையை மறுக்கும் பௌத்தர் என்றே எண்ணுவார்கள். தாஸ் திரும்பினார். எல்லோருக்கும் முதுகு காட்டியவாறு நின்று, சர்வரின் பொத்தானைத் தொடாமல், அதன்மேல் இருந்த திரையின் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. விசிறிகள் தொடர்ந்து இரைந்தன. ஆனால் குளிர்சாதனத்தின் ஓசையும் மற்றப் பெட்டிகளின் ஓசையும் நிறைந்த அறையில் அதை எவர் பிரித்தறிவார்? முனியப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். சர்வரின் நெற்றியில் குங்குமம் வைத்தார். பத்து நிமிடம் கழித்துத் தாஸ் மீண்டும் பொத்தானை அழுத்தினார், திரை ஒளிர்ந்தது.

முனியப்பன் இரு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொரியையும் கடலையையும் முதற்பிடி தாஸின் கையில் வைத்து, “எழுந்துக்கிச்சி சார். உங்க கைக்கு மட்டும்தான் இது தூங்கும்போல, எழுந்துக்கும்போல,” என்றார்.

அடுத்த ஆண்டும் அவ்வாறே நடந்தது. அதற்கடுத்த ஆண்டும் நடந்தது. 2021 வரை எட்டு ஆயுத பூஜைகள். உண்மை மலருக்கு மட்டுமே தெரியும். முதல் ஆண்டு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பிற்பாடு அது சிரிக்கவோ சொல்லவோ வேண்டாத பழக்கமாகிவிட்டது. யாருக்கும் கேடில்லை, இயந்திரமும் நிற்கவில்லை, முனியப்பனுக்கும் மனநிறைவு. தாஸ் இதைப் பொய் என்று நினைத்ததே இல்லை.

முனியப்பனைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மழைக்காலத்தில் ஒருநாள் மேல்மாடிக் குழாய் உடைந்து, சர்வர் அறையின் கூரை ஒழுகத் தொடங்கியது. குழாயை அடைப்பவர் வந்து சேர நாற்பது நிமிடமாயிற்று. அந்த நாற்பது நிமிடமும் முனியப்பன் ஒரு முக்காலியின்மேல் ஏறி நின்று, ரப்பர் விரிப்பு ஒன்றைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்து, தண்ணீரைத் தம் முதுகில் வாங்கிக்கொண்டார். இறங்கச் சொன்னபோது, “பேடா சார், வேணாம், நான் நனைஞ்சா காய்ஞ்சிடுவேன்,” என்றார். அன்றைய பதிவேட்டில் தாஸ், ‘முனியப்பன் அவர்களின் உதவியால் சேதம் தவிர்க்கப்பட்டது’ என்று எழுதிவைத்தார். அப்பதிவேட்டில் அதிகாரி அல்லாத ஒருவரின் பெயர் அந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது.

அக்டோபர் நான்காம் நாளுக்கு வருவோம். ஒன்பதே முக்காலுக்குத் தாஸின் கைப்பேசி ஒலித்தது. மலர் எடுத்து, இருவரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார். அழைத்தவர் முனியப்பன்.

“மலரம்மா, சார் எங்கம்மா? மணி பத்தாவப் போவுது.”

“பல்லு புடுங்கிக்கிட்டு வந்து உக்காந்திருக்காருண்ணா. வாயத் தொறக்கக் கூடாதாம்.”

“இன்னிக்கி மட்டுமா தொறக்கல? இத்தினி வருஷமா அவரு பேசி நான் கேட்டதே கம்மி.” முனியப்பன் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். பத்தரைக்குள் முடிக்க வேண்டுமென்று சீனிவாசராகவன் அவசரப்படுத்துகிறாராம். எல்லோரும் சர்வர் அறை வாசலில் நிற்கிறார்களாம். “மிஷினை நானே நிறுத்தி எழுப்பிடட்டுமான்னு சாரைக் கேளுங்கம்மா. வருஷா வருஷம் கூடவே நிக்கறேன். தெரியாதா எனக்கு?”

மலர் கைப்பேசியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தார். “உண்மையைச் சொல்லிடட்டுமா?” என்று மெல்லக் கேட்டார்.

தாஸ் கையை உயர்த்தி, வேண்டாம் என்று தடுத்தார். முனியப்பன் எட்டு ஆண்டுகளாகத் தம் அருகில் நின்றவர். தம் கை எந்த இடத்துக்குப் போகும் என்பதைக் கண்டிருப்பார். அவரும் அதே பொத்தானைத்தான் அழுத்துவார். இப்படித்தான் அவர் அந்த நொடியில் எண்ணினார். தாம் முதுகு காட்டி நின்றதும், முனியப்பன் கண்களை மூடிக்கொண்டிருந்ததும் அவர் நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வரவில்லையா, வரவிடவில்லையா என்பதை இன்றுவரை தம்மால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்கிறார். சரி என்று தலையை அசைத்தார். “சரின்றாருண்ணா,” என்றார் மலர்.

அழைப்பு முடிந்தபின் தாஸுக்கு மனம் ஒப்பவில்லை. கைப்பேசியை எடுத்து, ‘ஸ்கிரீனை மட்டும் அணைத்தால் போதும்’ என்று தட்டினார். அனுப்பவில்லை. முனியப்பனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. வரும் செய்திகளை அருகில் இருப்பவரிடம் நீட்டிப் படிக்கச் சொல்வார். அன்று அருகில் நின்றவர் சீனிவாசராகவன். அந்த நான்கு சொற்களை அவர் உரக்கப் படித்தால், எட்டு ஆண்டுகளும் ஒரே நொடியில் வெளிப்பட்டுவிடும். தாஸ் ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

பத்தேகால் மணிக்குக் கைப்பேசி தானாக அதிர்ந்தது. சர்வர் மறுமொழி தரவில்லை என்று எச்சரிக்கை வந்திருந்தது.

ஆட்டோ கிடைத்து, மழையில் ஊர்ந்து, அவர் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. பூஜைக்கு வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். முனியப்பன் மட்டும் சர்வரின் முன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். விளக்குகள் அனைத்தும் அணையும் வரை பெரிய பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்; பத்து நிமிடம் கழித்து மீண்டும் அழுத்தியிருக்கிறார். இயந்திரம் இரைந்தது, பச்சையாக எரிய வேண்டிய விளக்குகளில் இரண்டு மஞ்சளாக எரிந்தன. ஐந்து வன்தட்டுகளில் ஒன்று பழுதானால் மற்ற நான்கும் ஈடுசெய்யும். இரண்டு ஒன்றாக நின்றுவிட்டால் ஈடுசெய்ய வழியில்லை.

முனியப்பன் அண்ணாந்து பார்த்தார். “எழுந்துக்க மாட்டேங்குது சார். நீங்க கை வெச்சிப் பாருங்க.”

தாஸ் பஞ்சைத் துப்பிவிட்டுக் கை வைத்துப் பார்த்தார். பயனில்லை.

அதன்பின் ஒன்பது நாள்கள் மருத்துவமனை காகிதத்தில் இயங்கியது. இரவல் வாங்கிய ஒரு சர்வரில், ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப்பிலிருந்து, தாஸ் படங்களைச் சிறிது சிறிதாக மீட்டார். பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ஞாயிறுக்குப் பிறகு எடுத்தவை கிடைக்கவில்லை. முப்பத்தேழு பேர் மறுபடியும் வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர்கள் ஒவ்வொருவரையும் தாஸே தொலைபேசியில் அழைத்தார். பலர் ஏசினார்கள், அது அவருக்கு ஆறுதலாகவே இருந்தது. ஆனேக்கல்லிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்த சந்திரம்மா என்பவர் மட்டும் ஏசவில்லை. “மிஷினுக்கும் வயசாவும் இல்லப்பா, நீ என்ன பண்ணுவே,” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பகல் தாஸ் உணவுப் பெட்டியைத் திறக்கவில்லை.

அக்டோபர் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை, சீனிவாசராகவனின் அறையில் விசாரணை நடந்தது. விசாரணை என்பது பெரிய சொல்; மொத்தம் கால்மணி நேரம். அலுவலரும் ஒப்பந்ததாரரின் ஆளும் அமர்ந்திருந்தார்கள். தாஸுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. முனியப்பன் நின்றார்.

இயந்திரத்தை நிறுத்தியே ஆக வேண்டுமென்று எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டளையிட்டவர் தாமே என்பதை அலுவலர் மறந்திருக்க மாட்டார். அவருக்கு அந்தக் கால்மணி நேரம் விரைவில் முடிந்தால் போதும்.

“வருஷா வருஷம் நீங்கதானே நிறுத்துவீங்க, தாஸ்? அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே?”

சொல்ல வேண்டிய விடை தாஸின் வாயில் இருந்தது. பூஜையில் நான் ஒருபோதும் அதை நிறுத்தியதில்லை. அதை நிறுத்தக் கூடாது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. இவர் நான் செய்ததாக நம்பியதையே செய்தார். அதற்கும் நானே தலையசைத்தேன். சொல்லியிருந்தால் தமக்கு வேலை போயிருக்கும் என்று அவர் நம்பினார். மகள் அவ்வாண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். எட்டு ஆண்டுகளாகப் பூஜையில் எல்லோரையும் ஏமாற்றினாராம் என்ற பேச்சும், அதன்பின் அவர் குடும்பத்தையும் மதத்தையும் இழுத்து வரும் பேச்சும் அவர் காதில் முன்கூட்டியே ஒலித்தன.

“ஆமா சார்,” என்றார் தாஸ். “ஆனா அதுக்குன்னு ஒரு முறை இருக்கு.”

எல்லோரும் முனியப்பனைப் பார்த்தார்கள். அவர் தம்மை ஒரு சொல் கேட்பார், மலரம்மா சரி என்றாரே என்று சொல்வார் என்று தாஸ் காத்திருந்தார். முனியப்பன் கைகளைக் கூப்பினார்.

“முறை தெரியாம கை வெச்சிட்டேன் சார். தப்பு என்னுதுதான்.”

சர்வரின் பதிவேடு இரண்டாம் மாடியில், மேசைமேல், எல்லோரும் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தது. எட்டுப் பூஜை நாள்களில் ஒன்றிலும் ‘நிறுத்தம்’ என்ற குறிப்பு அதில் இல்லை. தாஸ் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எவராவது திறந்து பார்ப்பார்கள் என்று அஞ்சினார்; பார்த்துவிட்டால் நல்லது என்றும் எண்ணினார். யாரும் திறக்கவில்லை.

அடுத்த திங்கள் முதல் முனியப்பன் வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்ததாரர் சொல்லிவிட்டார். பதினான்கு ஆண்டு வேலை. சனிக்கிழமை மாலை அவர் சாவிக்கொத்தைத் தாஸிடம் ஒப்படைக்க வந்தார். நாற்பத்திரண்டு சாவிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல். எந்த நிறம் எந்த அறைக்கு என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்து, சிவப்பு நூலில் நின்றார். “இது உங்க ரூமு சார். இதைச் சொல்லத் தேவையில்ல,” என்றார்.

2023 சனவரியில் புதிய சர்வர் வந்தது. அதன் முகப்பில், தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும், ‘நிறுத்தக் கூடாது’ என்று எழுதித் தாஸ் ஒரு சீட்டை ஒட்டினார். எழுதி ஒட்ட நான்கு நிமிடம் ஆயிற்று. எட்டு ஆண்டுகளில் அந்த நான்கு நிமிடம் தமக்குக் கிடைக்காமல் போனதை அவர் அன்றே பதிவேட்டில் எழுத நினைத்தார். என்ன தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அந்த ஆண்டுப் பூஜையில் சர்வர் அறை சேர்க்கப்படவில்லை. இனி அந்த அறையே வேண்டாம் என்று சீனிவாசராகவனே சொன்னார். அவ்வளவு எளிதாக முடிந்தது. மறு ஆண்டு அவர் ஓய்வு பெற்றார்.

தாஸ் இரண்டு முறை ஒக்கலிபுரத்துக்குப் புறப்பட்டார். ஒருமுறை ரயில்வே கீழ்ப்பாலம் வரை சென்று திரும்பினார். இன்னொருமுறை தெருமுனைவரை சென்றார். பெட்டிக்கடையில் முனியப்பன் வீட்டுக்கு வழி கேட்டு, அவர்கள் காட்டிய திசையைப் பார்த்து நின்றுவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லித் திரும்பிவிட்டார். வாரம் தவறாமல் அந்தப் பயணத்தை மனத்தில் திட்டமிட்டார். எத்தனையோ கம்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதிய கைக்கு நான்கு வரிக் கடிதம் எழுத வரவில்லை.

2025 செப்டம்பரில், உறவினர் திருமணம் ஒன்றுக்குச் சென்று வந்த மலர் ஒரு செய்தியுடன் திரும்பினார். அந்தத் திருமண மண்டபத்தின் வாகன நிறுத்தத்தில் முனியப்பன் வேலை செய்கிறார். வண்டிகளுக்குக் கைகாட்டி வழிவிடுகிறார். ஆனால் தடுப்புக் கம்பியை உயர்த்தும் பொத்தானைத் தாம் அழுத்துவதில்லை. சீட்டுப் போடும் பெண்ணை ஒவ்வொரு முறையும் அழைத்து அழுத்தச் சொல்கிறார்.

“ஏண்ணா, நீங்களே அழுத்தலாமேன்னு கேட்டேன்,” என்றார் மலர். “என் கை மிஷினுக்கு ஆவாதும்மா, ஒருக்கா பாத்துட்டேன்னாரு. வீட்டுல கிரைண்டரைக்கூட அவரு தொடறதில்லையாம். நீங்க போறீங்களா, நான் போயி சொல்லட்டுமா?”

மூன்று ஆண்டுகளாகத் தாஸ், முனியப்பனுக்கு வேலை போனதை மட்டுமே எண்ணி வருந்திக்கொண்டிருந்தார். வேறொன்றும் போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்டோபர் முதல் நாள், புதன்கிழமை. மீண்டும் ஆயுத பூஜை. ஒக்கலிபுரத்தில் அந்தத் தெருவில் நின்ற வண்டிகள் அனைத்திலும் வாழைக்கன்றும் சாமந்தியும் கட்டியிருந்தன. ஒரு வீட்டின் முன் நின்ற பழைய ஸ்கூட்டர்மேல் மட்டும் சாக்கு போர்த்தியிருந்தது. பூ இல்லை, பொட்டு இல்லை. எது முனியப்பன் வீடு என்று தாஸ் யாரையும் கேட்கவில்லை.

முனியப்பன் அவரைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தாஸ் அதில் உட்காராமல் படியில் உட்கார்ந்தார். தேநீர் வந்தது. மகள் படிப்பை முடித்தாளா என்று முனியப்பன் கேட்டார். பல் தொந்தரவு தீர்ந்ததா என்றும் கேட்டார். புது மிஷின் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது குரல் சற்றுத் தயங்கியது. நன்றாக இருக்கிறது என்றார் தாஸ். சொல்ல வந்ததை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தார். தேநீர் ஆறியது.

முனியப்பன் தெருவைப் பார்த்தபடி பேசினார்.

“காலையில மண்டபத்துல பூஜை சார். ஷில்பான்னு ஒரு பொண்ணு, சீட்டு போடறது. கம்ப்யூட்டரை நிறுத்தும்மான்னேன். சட்டுனு ஸ்கிரீனை மட்டும் அணைச்சிட்டுச்சி. முழுசா நிறுத்துன்னேன். ‘அங்கிள், மறுபடி ஆன் பண்ணா லேட்டாவும், ஸ்கிரீன் ஆஃப் ஆனாப் போதும், யாருக்குத் தெரியப்போவுது’ன்னு சிரிக்குது. நான் குனிஞ்சி கேட்டேன். உள்ள விசிறி ஓடிக்கிட்டுதான் இருக்கு. சத்தம் நிக்கவே இல்ல.”

முனியப்பன் ஆறிய தேநீர்க் குவளையை நகர்த்திவைத்தார்.

“நம்ம ரூம்லயும் சத்தம் நின்னதா எனக்கு ஞாபகமே இல்ல சார். மூணு வருஷமா என் கைமேலதான் பழி போட்டுக்கிட்டிருக்கேன். காலையிலேர்ந்து இதே யோசனை.” இப்போது அவர் தாஸின் முகத்தை நேராகப் பார்த்தார். “அந்த எட்டு பூஜையில, ஒரு தடவையாவது அந்த மிஷினை நீங்க நிறுத்தினீங்களா?”

“இல்லண்ணா,” என்றார் தாஸ். “ஒரு தடவைகூட நிறுத்தல.”